பின்பக்கத்து நீல போர்ட்

மெர்லினிடம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பொன்னுரங்கம்தான் மூத்தவர். அவளுக்கே அவர் அப்பா வயது. ஆனாலும் அவளுடைய கடைக்குள் நுழைந்துவிட்டால் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இதுல வேகமான யுஎஸ்பி வருமா டீச்சர்?"

"வரும். உள்ள ஒரு கார்டு போடணும். நீங்களே போடுங்க. யாருக்கு இவ்வளவு அவசரம்?"

"பையனுக்கு. மதுரையில கல்யாண வீடியோ எடுக்கறான். மாசம் ஒருதரம் வந்து எல்லாத்தையும் இதுல ஏத்தி வச்சுட்டுப் போவான். 'இது கம்ப்யூட்டர் இல்லப்பா, மாட்டுவண்டி'ன்னு திட்டிக்கிட்டே இருப்பான். சீக்கிரம் ஏறினா அடிக்கடி வருவான்ல?"

மெர்லின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

பொன்னுரங்கம் மூடியைக் கழற்றினார். தூசியைத் தட்டினார். கார்டை அழுத்திப் பொருத்தி, முடுக்கி, ஸ்விட்சைப் போட்டார். பின்பக்கம் புதிதாக வந்திருந்த நீல யுஎஸ்பி போர்ட்டில் கடையிலிருந்த ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

"கார்டு டூப்ளிகேட் போலிருக்கே டீச்சர்."

"கார்டுக்குப் பவர் வயர் கொடுத்தீங்களா?"

வயர் உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"சோறு போடாம வேலை வாங்கப் பாக்கறீங்களே சார்!"

அவர் வெட்கத்தோடு சிரித்தபடி ஸ்விட்சை அணைத்து, வயரை மாட்டி, மறுபடி போட்டார்.

மெர்லின் அந்த டிஸ்க்கை வாங்கி, முதலில் முன்பக்கத்துப் பழைய போர்ட்டில் சொருகினாள். பெரிய வீடியோ ஒன்று ஏறத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு நகர்வதே தெரியவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது ஏறி முடியற வரைக்கும் உங்க பையன் என்ன பண்ணுவார்?"

"என்ன பண்ணுவான்... சாப்பிடுவான். 'உப்பு கம்மிப்பா'ம்பான், ஆனா ரெண்டாம் தடவையும் அவனே குழம்பு ஊத்திக்குவான். அப்புறம் அவங்கம்மா படத்துக்குக் கீழ பாயைப் போட்டுத் தூங்குவான். போன மாசம் முழிச்சதும் ஃபேனைத் துடைச்சுக் கொடுத்தான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "அவன் போனப்புறம் அந்தப் பாயைச் சுருட்ட எனக்கு மனசே வராது."

மெர்லின் எழுந்தாள். ஏறிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். அதே டிஸ்க்கைப் பின்பக்கத்து நீல போர்ட்டில் சொருகினாள். எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. பொன்னுரங்கம் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கோடு கடைசிவரை போய் நின்றுவிட்டது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

டீயில் ஆடை கட்டியது. அவர் குடிக்கவில்லை.

"டீச்சர்... இவ்வளவு சீக்கிரம்னா அவன் பாயே போட மாட்டானே. கார்டைக் கழட்டிடலாமா?"

"கழட்டலாம்."

"இல்ல, இருக்கட்டும். பின்னாடிதானே இருக்கு. அவன்கிட்ட சொல்லாம விட்டுட்டா?"

மெர்லின் மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூக்களை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லிடுங்க சார். முன்பக்கத்துப் பழைய போர்ட்டை நாம எடுக்கலையே. அடுத்த மாசம் உங்க பையன் வந்து போனதும், எதுல சொருகினார்னு எனக்குச் சொல்லுங்க."