வேன் மேலிருந்து வைத்த பெயர்

பொன்னுரங்கம் இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். மூன்றாம் முறை, சொந்தத் தொகுதியில், நேற்று முளைத்த ஒருவனிடம் தோற்றுப்போனார். கட்சி இந்தத் தடவையும் அவருக்கே சீட்டு கொடுத்திருந்தது. இன்னொரு தோல்வி வந்தால் அவரைச் சீந்த ஆளிருக்காது. நிற்கவில்லை என்றாலோ சீட்டு மச்சானுக்குப் போய்விடும். மறுநாள் மனுத்தாக்கல் முடிகிறது. ஒன்றும் புரியாமல் மலையடிவாரத்து மடத்துக்குப் போய் நாச்சியம்மை முன்னால் உட்கார்ந்தார்.

நாச்சியம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். தொகுதியே அண்ணன் என்று கூப்பிடும் மனிதரை அவள் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். குரு என்று ஏற்றுக்கொண்டாயிற்றே, அவரும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

“ஜனங்க ஏன் என்னைக் கைவிட்டாங்கம்மா? நான் அவங்க வீட்டு ஆளு. பாதிப் பிள்ளைங்களுக்கு நான்தான் பேரு வெச்சேன்.”

அதில் பொய்யில்லை. பிரசார வேன் வந்து நிற்கும். கீழேயிருந்து கைக்குழந்தையை நீட்டுவார்கள். அவர் மைக்கில் ஒரு பெயரை மூன்று தடவை சொல்வார், கூட்டம் கைதட்டும். ‘அண்ணன் வரட்டும்’ என்று மாதக்கணக்கில் பெயரில்லாமல் கிடந்த குழந்தைகளும் உண்டு. பெயரைத் தவிர அந்தக் குழந்தைகளுக்கு வேறென்ன கிடைத்தது என்று அவரும் கேட்டதில்லை, கூட இருந்தவர்களும் கேட்டதில்லை.

“அதுல ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு வாங்க, பொன்னுரங்கம். அப்புறம் சொல்றேன்.”

இதென்ன சோதனை என்று அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கிளம்பினார். இரண்டாவது தேர்தலில் வேலாமரத்துப்பட்டியில் ஒரு பெண் குழந்தைக்கு வெற்றிச்செல்வி என்று வைத்தது நன்றாக நினைவிருந்தது.

தெருவில் நின்று கூப்பிட்டார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மேடைக் குரலில் மறுபடி கூப்பிட்டார். சத்தம் கேட்டு அந்தக் குழந்தையின் தாயே வெளியே வந்தாள். அவரை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அது மைக்குல வெச்ச பேருங்கண்ணே. வீட்டுல, பள்ளிக்கூடத்துல எல்லாம் இருளாயிதான். எங்க குலசாமி பேரு.”

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெற்றிச்செல்வி என்று கூப்பிட்டால் இவர்கள் வீட்டு ஆடுகூடத் திரும்பாது என்றாள். அவர் பெயர் வைத்த மற்றப் பிள்ளைகள் கதையும் அதேதானாம்.

பொழுது சாய்வதற்குள் மடத்துக்குத் திரும்பினார். கோபமா, அவமானமா, அவருக்கே தெரியவில்லை. பெயர் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று பொருமினார். அப்படியானால் ஆரத்தி, மாலை, கைதட்டல், இதில் எதைத்தான் நம்புவது என்று கேட்டார்.

“பேரு வெச்ச அன்னிக்கு மூஞ்சிக்கு நேரா, ‘அப்படியே கூப்பிடுறோம்ணே’ன்னு சொன்னாளேம்மா அந்தப் பொண்ணு. இவங்களை நம்பி நான் நிக்கட்டுமா, வேண்டாமா?”

“வேட்டியெல்லாம் ஏன் ஈரம்?”

“ஆத்துல இறங்கித்தானேம்மா அந்த ஊருக்குப் போகணும்.”

“பாலம் இல்லையா?”

“இல்ல. அன்னிக்கு ஆறு வத்திக் கிடந்துச்சு. கட்டித் தர்றேன்னு அதே வேன்ல நின்னுதான் சொன்னேன்.”

“அவங்களும் கூப்பிடுறோம்னுதான் சொன்னாங்க.”