இரண்டு கூடை முட்டை

உங்களுக்கு ஓரகத்தி உண்டா? உண்டென்றால் இந்தக் கதையில் பாதி உங்களுக்கே தெரியும். இல்லையென்றால் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள், கடைசியில் கேள்வி இருக்கிறது.

செண்பகவல்லி மூத்த மருமகள், முத்துப்பேச்சி இளையவள். ஒரே வளவு, இரண்டு அடுப்பு. வீட்டுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், நகராட்சியின் குப்பை எரிக்கிற ஆலை. திங்கட்கிழமை உலை மூட்டும்போது ஈரக் குப்பை சரியாக எரியாமல் கரும்புகை கிளம்பும். கொடியில் காயும் துணியை அள்ள இரண்டு பேரும் ஓடுவார்கள். மற்ற நாளில் புகை கண்ணுக்கே தெரியாது. தெரியாததை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

இருவருமே கோழி வளர்த்தார்கள். இரண்டு குஞ்சுகளைக் கீரி கொண்டுபோன நாளிலிருந்து செண்பகவல்லியின் கோழிகள் கூண்டை விட்டு இறங்குவதில்லை. தவிடும் நொய்யும்தான் தீனி. முத்துப்பேச்சியின் கோழிகளோ விடிந்தால் ஆலைச் சுவரோரத் தரிசில் மண்ணைக் கிளறிப் புழு பொறுக்கும்.

நாத்தனார் தங்கபுஷ்பம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். காலையில் பெரிய மதினி ஒரு முட்டை அவித்துத் தருவாள், சாயங்காலம் சின்ன மதினி ஒன்று. ஒருநாள் அவள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

“பெரிய மதினி, உங்க முட்டை வெளுத்துப்போய்க் கிடக்கு. சின்ன மதினி முட்டையை உடைச்சா செக்கச்செவேல்னுல்லா இருக்கு!”

“ஊர் மேயுற கோழிக்குப் பளபளப்புக்கு என்ன குறைச்சல்? வளர்க்கிறவ மாதிரிதானே இருக்கும்” என்றாள் செண்பகவல்லி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அந்த வாரமே ஒரு பரிசோதனைக் குழு வந்தது. ஆலையை ஒட்டிய வீடுகளில் ஐந்தைந்து முட்டை கேட்டார்கள். கூடையில் பெயர்ச்சீட்டு ஒட்டி வாசலில் வையுங்கள், அரைமணி நேரத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எதற்கென்று சொன்னதைச் செண்பகவல்லி காதிலேயே வாங்கவில்லை. போன வருஷம் கால்நடை முகாமில் ‘சிறந்த கன்று’ என்று முத்துப்பேச்சி வாங்கிவந்த எவர்சில்வர் வாளிதான் அவள் கண் முன்னால் நின்றது. இதுவும் பரிசுதான், இதையும் அவளே தட்டிக்கொண்டு போவாள்!

முத்துப்பேச்சி உள்ளே போன நேரம் பார்த்து, சீட்டைத் தொடாமல் முட்டைகளை மட்டும் கூடை மாற்றி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் காகிதம் வந்தது. முத்துப்பேச்சிதான் முற்றத்தில் நின்று உரக்க வாசித்தாள்.

“செண்பகவல்லி. முட்டை ஐந்து. ஓடு பழுப்பு. கரு அடர் சிவப்பு. ஆலைப் புகையிலிருந்து மண்ணில் படியும் டையாக்சின் நஞ்சு அளவுக்கு மேல் உள்ளது. அவித்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம். முத்துப்பேச்சி. முட்டை ஐந்து. ஓடு பழுப்பு. கரு வெளிர் மஞ்சள். நஞ்சு அளவுக்குள் உள்ளது.”

“ஐயோ அக்கா! கூண்டுக்குள்ள பொத்திப் பொத்தி வளர்த்தீங்களே!” என்று உச்சுக்கொட்டினாள். “தங்கம், இனி ரெண்டு வேளையும் என் முட்டைதான்.”

உடனே இரண்டை அவித்து, நறுக்கித் தட்டில் கொண்டுவந்தாள். செண்பகவல்லி தட்டையே பார்த்தாள். சொன்னால் வீட்டுக்குள்ளேயே திருடி. சொல்லாவிட்டால் நஞ்சு வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். தங்கபுஷ்பம் ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோனாள். செண்பகவல்லி பாய்ந்து, கையிலிருந்த துண்டோடு தட்டையும் சேர்த்துத் தட்டிவிட்டாள்.

“பொறாமை பிடிச்சவங்களே! பிள்ளைத்தாய்ச்சி வாயிலேருந்து பிடுங்குறீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று கத்தினாள் முத்துப்பேச்சி. 

தங்கபுஷ்பம் தரையில் சிதறிக் கிடந்த முட்டையைப் பார்த்தாள். காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

“அவுகளை ஏசாதீங்க, சின்ன மதினி” என்றாள். “பெரிய மதினி, முட்டையை மாத்தினது நீங்கதானே?”

யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. தங்கபுஷ்பம் எப்படிக் கண்டுபிடித்தாள்? கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: இரண்டு வீட்டு முட்டையையும் தினம் தின்றவள் அவள் ஒருத்திதான். செக்கச்செவேல் கரு யாருடையது, வெளுத்த கரு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். காகிதத்தில் நிறம் தலைகீழாக இருந்தது. ‘நல்லது’ என்று வந்த முட்டையைத் தட்டிவிட்டவள்தானே அது மாறியதை அறிந்தவள்? உரக்க வாசித்த முத்துப்பேச்சிக்கே அது கேட்கவில்லை. அவள் காதில் விழுந்தது ‘அளவுக்கு மேல்’ என்ற ஒன்றுதான்.

முத்துப்பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இத்தனை நாளும் என் கையாலேயே குடுத்தேனே, அக்கா...”

“வாளி குடுப்பாங்கன்னு நினைச்சேன்டி” என்று செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். “தங்கத்தை டாக்டர்கிட்ட காட்டிட்டு அந்தக் குழுகிட்டப் போவோம். இந்தக் காகிதத்தை நம்பி, உன் கோழி மாதிரி தரிசுல மேயுற கோழி முட்டையெல்லாம் நல்லதுன்னு தெருவே திங்கும். மாத்தினது நான்தான்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீ கூட வந்து சொல்லு, முத்து.”