பத்தாம் பாட்டை நிறுத்தியவள்

செம்புலியூர்க் கோயிலில் பூக்கட்டும் நங்கைக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பின்னே? அவள் கட்டிய மாலையைச் சாத்திக்கொண்ட ஈசன் முன்னால், ஊர் ஊராகப் பதிகம் பாடிவரும் தழைவன் அடிகளே வந்து பாடுகிறாரே! அவர் கண்ணை மூடினால் பத்துப் பாட்டும் முடிந்த பிறகுதான் திறப்பார். ஒருமுறை பாடியதை மறுமுறை பாடமாட்டார். பத்தும் முழுதாக இருந்தால்தான் பதிகம் பூசையில் ஏறும் என்பது அவ்வூர்க் கோயில் வழக்கம். ஏட்டில் எழுத அடிகளின் சீடன் காரி இருந்தான். யாழ் மீட்டப் பாணன் தத்தன்.

ஒன்பது பாட்டு ஆயிற்று. அடடா, என்ன பாட்டு! பத்தாவது பாதி போகும்போது வெளியே கூச்சல்: "ஆத்தங்கரை உடையுது!"

நங்கை எட்டிப் பார்த்தாள். கரையில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு உடைப்பு. ஊர்ச்சனம் மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கரைப்பக்கம் திரும்ப ஒருவருக்கும் துணிவில்லை.

காரி எழுத்தாணியைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு தனியாளாகக் கரைக்கு ஓடினான். தத்தனோ அசையவில்லை. "நானும் போயிட்டா இந்தப் பாட்டு யார் நெஞ்சுல நிக்கும்?" என்று ஒவ்வொரு சொல்லாக மனத்தில் வாங்கிக்கொண்டிருந்தான்.

நங்கை சட்டென்று போய் அடிகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சாமி, நிறுத்துங்க! ஊரே போகுது!"

பாட்டு நின்றது. கண்விழித்த அடிகள் மறுபேச்சில்லாமல் கூடையை எடுத்து மண் சுமக்கப் போனார். அதைக் கண்டதும் மேட்டிலிருந்த சனம் திமுதிமுவென்று இறங்கி வந்தது. பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது. ஊர் பிழைத்தது!

ஆனால் பத்தாம் பாட்டு பாதியில் போயிற்றே! மறுநாள் காலை கோயில் சபை கூடியது. "தெய்வப் பாட்டை மறிச்சவ. இனி இவ கட்டுற பூ சாமிக்கு ஆகாது" என்றார் சபைத் தலைவர். நங்கை கதறிவிட்டாள். பூத்தொண்டுதான் அவளுக்கு உயிர்.

கேட்பவரே, அந்தச் சபையில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? எழுதுவதை விட்டு ஓடிய காரி, அசையாமல் கேட்ட தத்தன், பாட்டையே நிறுத்திய நங்கை, இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: காரிக்கு நல்ல மனசுதான், ஆனால் அத்தனை பெரிய உடைப்புக்கு இரண்டு கை எம்மாத்திரம்? தத்தன் பாட்டைக் காத்தான். கோயிலே வெள்ளத்தில் போயிருந்தால் அதை எங்கே பாடுவது? ஊரைத் திருப்பக்கூடியவர் ஒருவர்தான், அவரோ கண்ணை மூடியிருந்தார். அவரை எழுப்பிய நங்கை செய்ததே சரி. அடிகளும் சபை நடுவே எழுந்து சொன்னார்: "அவ கைப் பூ ஆகாதுன்னா என் பாட்டும் ஆகாது. ஏட்டை ஆத்துல விட்டுடுங்க." சபை தன் தீர்ப்பையும் பத்துப் பாட்டு வழக்கத்தையும் விட்டுக்கொடுத்தது. அன்று உச்சிப் பூசையில் நங்கையின் மாலையும் ஏறியது, ஒன்பதரைப் பாட்டும் ஏறியது.