வாய் நிறையத் தண்ணீர்

"போகமாட்டேங்குதுங்க டாக்டரம்மா. ரெண்டு தடவை விட்டுட்டு வந்தேன். ரெண்டு தடவையும் என் பின்னாலயே ஓடி வந்திருச்சு."

சென்னிமலைக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் காவலர். கரடி துரத்தியபோதுகூட அழாத ஆள். இப்போது குரல் உடைந்திருந்தது.

அவர் காலை உரசிக்கொண்டு ஒரு யானைக்குட்டி நின்றது. பெண் குட்டி. யானைகள் ஊருக்குள் வராமலிருக்க வெட்டிய அகழியில் விழுந்து கூட்டத்தைத் தவறவிட்டது. தூக்கி எடுத்தது சென்னிமலை. பால் கரைத்துக் கொடுத்தது, பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது எல்லாம் அவர்தான். மற்ற காவலர்கள் 'மீசை வச்ச ஆயா' என்று கேலி செய்தார்கள். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பிரச்சினை.

டாக்டர் நசீமா கால்நடை மருத்துவர். சென்னிமலையின் வயதில் பாதிதான் இருக்கும். அடிபட்ட விலங்கைப் பார்க்கும் வேலையெல்லாம் சென்னிமலை கற்றுக்கொண்டது அவரிடம்தான். ஒன்று கேட்டால் நேராகப் பதில் சொல்லமாட்டார். திருப்பி நம்மையே கேட்பார். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.

"கூட்டம் எங்கே?"

"மாயாறு ஆத்தங்கரை மூங்கில்ல நிக்குதுங்க. பொழுது சாஞ்சா மேடேறிப் போயிரும். அப்புறம் எங்க போய்த் தேடறது?"

"இன்னிக்கும் சேர்க்க முடியலேன்னா?"

"யானை முகாமுக்குத்தான். நல்லாத்தான் பாத்துக்குவாங்க. வேளைக்குச் சோறு போடுவாங்க." சென்னிமலை குனிந்து குட்டியின் காலைப் பார்த்தார். "காலுல சங்கிலியும் போடுவாங்க."

குட்டி அவர் சட்டைப் பையில் துதிக்கையை விட்டுத் துழாவியது.

"சாணம் பூசினீங்களா?"

"கூட்டத்தோட சாணத்தையே அள்ளியாந்து அப்பி விட்டனுங்க, மனுச வாடை தெரியக் கூடாதுன்னு. எனக்கும் பூசிக்கிட்டேன். ஒரு பயலும் என்னை ஜீப்புல ஏத்தல."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"சரி. விட்டுட்டு என்ன பண்ணினீங்க?"

"புதருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அது பாதி தூரம் போகுது. அப்புறம் நின்னு திரும்பிப் பாக்குது. பாவம், பயப்படுதேன்னு, 'போ அம்மிணி, போ தங்கம், நான் இங்கதான் இருக்கேன்'னு தைரியம் சொல்லிக்கிட்டே..."

டாக்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"அண்ணா, வாயைத் திறங்க."

"தாகமில்லீங்க."

"திறங்க."

வாய் நிறைய ஊற்றினார்.

"விழுங்கக் கூடாது. துப்பவும் கூடாது."

ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். மூங்கில் தெரிந்ததும் குட்டியை முன்னால் தள்ளிவிட்டு, இருவரும் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

குட்டி போனது.

பாதி தூரத்தில் நின்றது. திரும்பியது. துதிக்கையைத் தூக்கிச் சின்னதாகக் கத்தியது.

சென்னிமலையின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. மீசை நடுங்கியது.

குட்டி இந்தப் பக்கமாக ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. மறுபடி கத்தியது.

அவர் முள்ளுச்செடியை இறுக்கிப் பிடித்தார். உள்ளங்கையில் ரத்தம் வந்தது. வாய் திறக்கவில்லை. கண் மட்டும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

குட்டி மூன்றாம் முறை கத்தியது.

மூங்கிலுக்குள்ளிருந்து பதில் வந்தது. அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல்.

குட்டி காதை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது.

பெரிய பெண் யானை ஒன்று வெளியே வந்தது. குட்டியின் தலையை முகர்ந்தது. முதுகைத் தடவியது. துதிக்கை நுனியைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தது. பிறகு தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்து நெருங்கி நின்றன. பெரிய கால்களுக்கு நடுவே சின்னக் கால்கள் கொஞ்ச நேரம் தெரிந்தன.

அப்புறம் தெரியவில்லை. மூங்கில் மட்டும் ஆடியது.

"இப்ப விழுங்கலாம்ணா," என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

சென்னிமலை மாட்டேன் என்று தலையாட்டினார். தன் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஆடிக்கொண்டிருந்த மூங்கிலைக் காட்டினார்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பாட்டிலை எடுத்துத் தன் வாயையும் நிரப்பிக்கொண்டார்.