நடுவுல ஆரம்பிச்ச கதை

யாரு, நாங்களா போட்டியைக் கேலி பண்ணுனோம்? இலக்கிய மன்றச் செயலாளர்னா வாய்க்கு வந்ததைப் பேசிரலாமாக்கா? சோறு தண்ணி இல்லாம மூணு பேர் உக்காந்து எழுதுன சிறுகதை அது. முழுசா கேட்டுட்டு அப்புறம் கத்துங்க.

எனக்கு, இசக்கியப்பனுக்கு, பெனடிக்டுக்கு, மூணு பேருக்குமே அட்டெண்டன்ஸ் பத்தல. பரீட்சை எழுத விடமாட்டேன்னுட்டாங்க. துறைத்தலைவர்தான் மனசு இறங்கி, "மன்றத்துச் சிறுகதைப் போட்டியில பரிசு வாங்கிட்டு வாங்கடா, பாக்கலாம்"னாரு. ஒரு வருசப் படிப்பே அந்தக் கதையிலதான் தொங்குச்சு. இதுல கேலி வேற பண்ணுவோமா?

மன்றத்துச் சிறுகதைப் பட்டறைக்கு வந்த எழுத்தாளர் என்ன சொன்னாரு? நீங்கதான சால்வையோட பக்கத்துல நின்னீங்க? "முதல் வரிதான்ப்பா கதைக்கு உசுரு. ஆதியில இருந்து இழுக்காதீங்க. நடுவுல ஆரம்பிங்க." சொன்னாரா இல்லையா?

எட்டுப் பக்கம் எழுதுனோம். கல்யாண வீட்டுல ஆடு தாலியை முழுங்கிருது. மாப்பிள்ளை விரட்ட, ஆடு பஸ்ஸுல ஏறிருது. கடைசியில மாட்டாஸ்பத்திரியில வெச்சு தாலி கட்டுறான். எழுதி முடிச்சுட்டு, நடு எதுன்னு பாத்து, முன்பாதியைக் கிழிச்சோம்.

பெனடிக்ட் அழுதே புட்டான். "டேய், மாப்பிள்ளை அந்தப் பாதியிலதான்டா அறிமுகம் ஆவான்!"

"அவனை யாரு சீக்கிரமா வரச் சொன்னா?"ன்னான் இசக்கி.

அப்பத்தான் எனக்கு ஒரு சந்தேகம். "ஏன்டா, இப்ப கையில இருக்கிறதுதான கதை? இதை நடுவுல ஆரம்பிச்சிருக்கோமா, ஆதியில ஆரம்பிச்சிருக்கோமா?"

ரெண்டு பேரும் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தானுங்க.

"ஆதியிலதான்டா ஆரம்பிக்குது"ன்னான் இசக்கி, முகமெல்லாம் வேர்த்து.

மறுபடி கிழிச்சோம். பஸ் போச்சு. படிச்சுப் பாத்தா, திரும்பவும் ஆதியில இருந்துதான் ஆரம்பிக்குது! இன்னொரு பாதி கிழிச்சோம்.

"தாலி எங்கடா?"

"ஆட்டு வயித்துல."

"ஆடு?"

"குப்பைத்தொட்டியில."

டாக்டரும் போயி, பொண்ணும் போயி, ஸ்கேலும் பிளேடும் வெச்சு நறுக்கி நறுக்கி, கடைசியில ஒத்தை வார்த்தை நின்னுச்சு: முற்றும்.

பெனடிக்ட் அதையும் நறுக்கப் போனான். இசக்கி கையைப் புடிச்சுட்டான். "வேணாம்டா. இதுக்கு மேல சுருக்குனா வாசகனுக்குப் புரியாது."

அதைத்தான் நல்ல தாள்ல ஒட்டிக் குடுத்தோம். நீங்க என்னடான்னா, "கதை எங்கடா?"ங்கிறீங்க. சரி, நான் கேக்கிறேன். நடுவர் மத்த கதையெல்லாம் ரெண்டு பத்தி படிச்சுட்டுக் கொட்டாவி விட்டுக் கீழ வெச்சாராமே? எங்க கதையை மட்டும்தான கடைசி வரைக்கும் படிச்சாரு? முதல் வரியைப் படிச்சதுமே, "ஐயோ, இதுக்கு முன்னாடி என்னம்மா நடந்துச்சு?"ன்னு உங்ககிட்டயே கேட்டாராமே? வேற எவன் எழுதுன முதல் வரிக்காவது அப்பிடிக் கேட்டாரா?

பரிசு இல்லைன்னா இல்லைன்னே வெச்சுக்கோங்க. ஆனா வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல துறைத்தலைவரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, மைக்கைப் புடிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க: கதையை நடுவுல ஆரம்பிச்சா கைதட்டுறீங்க, செமஸ்டரை நடுவுல ஆரம்பிச்ச எங்களுக்கு மட்டும் எதுக்கு அட்டெண்டன்ஸ் இல்ல?