செதிலப்பனின் எண்ணெய்க் குளியல்

இலுப்பைக் காட்டில் செதிலப்பன் என்று ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, இருந்தது. முதுகெல்லாம் கெட்டியான செதில். வயிறு மட்டும் மெத்து. ஆபத்து வந்தால் அழுங்குகள் வாலை முகத்தோடு சேர்த்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அப்புறம் சிறுத்தையே வந்தாலும் உருட்டிப் பார்க்கலாமே தவிர, கடிக்க முடியாது.

நம்ம செதிலப்பனோ புற்றடியிலேயே படுத்துக் கறையானை நக்கி நக்கித் தொந்தி போட்டுவிட்டது. ஒருநாள் சுருண்டு பார்த்தது. வால் தொப்புளைத் தாண்டவில்லை!

"ஐயையோ, சிறுத்தை வந்தால் என் கதி?" என்று பதறிக்கொண்டு மந்தியிடம் ஓடியது. உடம்பு பிடித்துவிடுவதில் அந்தக் காட்டில் மந்திதான் பேர்போனது. வெயிலில் காயவைத்த இலுப்பெண்ணெயைத் தடவி, இடுப்பை அமுக்கி, வாலை நீவி நீவி உருவிவிட்டது. அடேயப்பா! வால் மூக்கைத் தொட்டது!

"மந்தியக்கா, நீ கைராசிக்காரி!"

"என் கை பிடிப்பைத்தான் இளக்கும். இளகின உடம்பை நீதான் தினமும் சுருட்டிப் பழக்கணும். இல்லாட்டி பழையபடி விறைச்சுக்கும்!"

"விறைச்சா என்ன? அதுக்குத்தான் நீ இருக்கியே!"

அன்றிலிருந்து பிடித்துவிடச் சொல்லிப் படுப்பதே செதிலப்பனுக்குப் பிழைப்பாகிவிட்டது. மந்தியே உருவும், மந்தியே சுருட்டும், மந்தியே பிரித்தும் விடும். நம்ம செதிலப்பத் துரை கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, அப்படித்தான்!" என்று முனகுவார். தன் பெண்டாட்டி புற்றைத் தோண்டிக் குனிந்து நிமிர்வதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வேறு.

"ஏங்க, நீங்களா ஒருதரம் சுருண்டு காட்டுங்களேன்!"

"போடி! இந்தக் காட்டிலேயே ரப்பர் மாதிரி உடம்பு யாருக்குன்னு கேட்டுப் பாரு!"

ஒரு மத்தியானம், மந்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே புதர் விலகியது. சிறுத்தை!

பெண்டாட்டி சட்டென்று பந்தாகிவிட்டது. மந்தி மர உச்சிக்குத் தாவியது. செதிலப்பன் மட்டும் மல்லாந்து கிடந்தது. உடம்பு என்னவோ இளகித்தான் இருந்தது. இழுத்துப் பிடிக்கத்தான் தெம்பில்லை. வால் பாதி தூரம் வந்து பொத்தென்று விழுந்தது.

"மந்தியக்கா! சீக்கிரம் இறங்கி வந்து என்னைச் சுருட்டிவிடு!"

"நல்லா இருக்கே நியாயம்! நானும் வந்தா அதுக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு ஆயிடும்!"

சிறுத்தை சப்புக்கொட்டியது. "எண்ணெய் தடவி, பதமாப் பிசைஞ்சு, வயித்தையும் திறந்து வச்சிருக்காங்களே! இந்த மாதிரி உபசாரம் எங்கே கிடைக்கும்!"

செதிலப்பனின் அலறல் காடெங்கும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. பாவம்தான், என்ன செய்வது?

அடுத்தவர் கை நம் உடம்பை இளக்கிவிடலாம். ஆனால் அதை வளைத்துப் பழக வேண்டியவர் நாமேதான்.