கிளம்பாத கீழ்த்தளம்

அறிவு வளர வளர ஐயமும் வளரும் என்பர் பெரியோர். நாலுமூலைப்பேரியில் ஐயம் மட்டும் செழித்து வளர்ந்தது. அறிவு அவ்வூரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வேறு பாதையில் போய்விட்டது. ஆகவே, அன்பர்களே, கூடுதல் கட்டணம் என்றால் கூடுதல் இன்பம் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை நீட்டும் நம்மைப் போன்ற புத்திசாலிகள், தீர விசாரித்தே செலவழித்த அவ்வூராரின் வரலாற்றைக் கைகட்டிக் கேட்பதே முறை.

அவ்வூர்ப் பெருநிலக்காரர் ஆவுடையப்பனுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, மனைவி செண்பகவடிவை உல்லாசக் கப்பலில் அழைத்துப் போகும் ஆசை பிறந்தது. தூத்துக்குடியில் கொழும்பு போய்த் திரும்பும் கப்பலுக்குச் சீட்டு விற்பவர் இரண்டு வழி சொன்னார். கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத அறை, பொதுக்கூடத்தில் சாப்பாடு. கூடுதலாகக் கொடுத்தால் மேல்தளத்தில் பால்கனி அறை, தனிக்கூடத்தில் சிறப்புச் சாப்பாடு. மேல்தளத்து விளம்பரத் தாளில், "கடலையே உங்கள் அறைக்குக் கொண்டு வருகிறோம்" என்று அச்சிட்டிருந்தது.

ஆவுடையப்பன் தம் மூன்று மருமகன்களையும் அழைத்தார். அக்குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் கொடைத் திருவிழா நாளில் முதல் பந்தியில் மாமனாருக்கு வலப்பக்கத்து இலை யாருக்கோ, அவரே மருமகன்களில் தலைமகன். மற்றவர் அந்த ஆண்டு முழுவதும் அவருக்கு எழுந்து நிற்க வேண்டும். மனிதன் இதைவிட அற்பமான பதவிகளுக்காகத் தேர்தலே நடத்துகிறான் என்பதை எண்ணி, நாம் சிரிக்காமல் மேலே செல்வோம்.

"மாப்பிள்ளைகளா, நீங்க மூணு பேரும் முன்னால போயி அனுபவிச்சுப் பாருங்க. மூத்தவரு மேல் அறை. நடுவுலவரு கீழ் அறை. அவங்கவங்க அறையிலேயே இருந்து பாக்கணும், அங்க இங்க அலையப்படாது. சின்னவரு நடுவுல நின்னு ரெண்டையும் எடை போட்டுச் சொல்லணும். எவரு சரியாச் சொல்லுதாரோ, வலப்பக்கத்து இலை அவருக்கு."

மூத்தவர் பிரமநாயகம் மேல் அறைக்குப் போனார். நடுவுலவர் குற்றாலிங்கம் கீழ் அறைக்குப் போனார். இளையவர் பால்வண்ணம், தம் பலசரக்குக் கடைத் தராசைக் கையில் எடுத்துக்கொண்டு, இரு தளங்களுக்கும் நடுவே மாடிப்படியில் போய் நின்றார். மாமனார் சொல் தட்டாத மருமகன்களை நம் ஊர்களில் விளக்கேற்றித் தேடினாலும் காண்பது அரிது.

பிரமநாயகம் அறைக்குள் நுழைந்ததும் பால்கனிக் கதவை அகலத் திறந்துவைத்து, கடல் வரட்டும் என்று காத்திருந்தார். மாலை வரை வரவில்லை. மணியை அடித்துப் பணியாளர் மிக்கேலை வரவழைத்தார்.

"ஏ தம்பி, கடல் எப்ப வரும்?"

"அதோ வெளியே இருக்கே சார்."

"வெளிய இருக்கது எல்லாருக்கும் உள்ளதுல்லா? நான் கேக்கது, கூடுதலாக் கொடுத்ததுக்கு உள்ள கடல்."

மிக்கேல் பயிற்சி பெற்றவர். "ஏற்பாடு பண்றோம் சார்" என்று புன்னகை செய்து போய்விட்டார்.

கடல் வருமுன் அறைக்குப் பால் காய்ச்சிவிடலாம் என்று பிரமநாயகத்துக்குத் தோன்றியது. புது இடத்தில் பால் பொங்காமல் குடியேறுவது அவர் பரம்பரையில் இல்லை. பெட்டிக்குள் மூன்று செங்கல்லும் ஒரு கட்டுச் சுள்ளியும் கொண்டுவந்திருந்தார். துறைமுகத்தில் பெட்டியைச் சோதித்த காவலருக்கு, செங்கல் கடத்தலைத் தடுக்கும் சட்டம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மெத்தென்ற கம்பளத்தின்மேல் அடுப்புக் கூட்டினார். சுள்ளி புகைந்தது. எங்கோ ஒரு மணி வீறிட்டது. மறுகணம் கூரையிலிருந்த குழாய்கள் திறந்துகொண்டு அறை முழுவதும் தண்ணீர் கொட்டியது.

மிக்கேல் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயோ சார்! என்ன சார் இது?"

பிரமநாயகம் நனைந்த வேட்டியோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீருவே! கடல் வந்துட்டு!" பிறகு ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பையும் எடுத்துட்டுக் குடுத்திருக்கான்! சும்மாவா பின்ன, மேல்தளம்லா!"

உயர்ந்த கட்டணம் செலுத்தியவர்களுக்கே உரித்தான அந்த மனநிறைவு அவர் முகத்தில் படர்ந்தது. நண்பர்களே, எத்தனையோ செல்வந்தர்கள் இதே முகத்தோடு இதைவிடக் குறைவானவற்றை அனுபவித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கீழே நிலைமை வேறு. குற்றாலிங்கத்தின் அறையில் நான்கு சுவர், ஒரு கட்டில், ஒரு விளக்கு. பேருந்து புறப்பட்டால் மரம் பின்னால் ஓடும்; ரயில் புறப்பட்டால் கம்பம் பின்னால் ஓடும். இங்கே எதிர்ச்சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே கப்பல் இன்னும் கிளம்பவில்லை என்று அவர் முடிவு செய்தார். கிளம்பாத வண்டியில் மூட்டையைப் பிரிப்பது மடமை அல்லவா? பையை மடியில் வைத்தபடி கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது அறை ஆடியது. துறைமுகத்தில் எவனோ வேலையற்றவன் கட்டுக்கயிற்றைப் பிடித்து ஆட்டுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பால்வண்ணம் படியையே கடையாக்கிக் கடமையாற்றினார். இரு கூடங்களிலும் சாப்பாட்டை வாங்கி, படியில் வைத்து எடைபோட்டு, உரியவரிடம் சேர்த்தார். பொதுக்கூடத்துத் தட்டில் சோறு, குழம்பு, கூட்டு, அப்பளம், மேலே ஒரு வாழைப்பழம் என்று மலைபோல் இருந்தது. சிறப்புக்கூடத்துத் தட்டு மாட்டுவண்டிச் சக்கரம்போல் அகலம். அதன் நடுவே ஒரு கேரட் துண்டும், பக்கத்தில் பச்சையாக ஒரு கோடும். தராசின் ஒரு பக்கம் படியில் இடித்தது; மறுபக்கம் வானத்தை நோக்கிப் போனது.

அவர் அதை மேல் அறையில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, காசு கூட, எடை கொறச்சல். ஏமாத்தில்லா இருக்கு?" என்றார்.

"கூறுகெட்ட பேச்சுப் பேசாதயும்வே. அரிசிய மூட்டையில நிறுப்பான், தங்கத்த எதுல நிறுப்பான்?"

"குண்டுமணியில."

"அப்ப எடை கொறையக் கொறைய மதிப்புக் கூடும்லா?"

பால்வண்ணம் யோசித்தார். "அப்பச் சரி. தட்டுல ஒண்ணுமே வைக்காமக் குடுத்தான்னா?"

"அது ராசாக்க சாப்பாடு. நமக்கெல்லாம் கட்டுபடியாகாது."

இதைக் கேட்டுக்கொண்டே வந்த மிக்கேல், அடுத்த வேளையிலிருந்து அந்தக் கேரட் துண்டையும் பாதியாக்கி அனுப்பினார். பிரமநாயகம் பசியால் வாடினார், பெருமையால் பூரித்தார்.

பால்வண்ணம் குழப்பத்தோடு கீழே இறங்கினார். "அண்ணாச்சி, மேல இருக்கவுக கொழும்பப் பாத்தாச்சுங்காவ."

குற்றாலிங்கம் பையை இறுகப் பிடித்தார். "எந்தக் கொழும்பு? கப்பல் இன்னும் தூத்துக்குடியத் தாண்டலவே. இந்தச் செவத்தப் பாரும். அசையுதா?"

பால்வண்ணம் சுவரைக் கூர்ந்து பார்த்தார். அசையவில்லை.

"மேல உள்ளவரு பொய் சொல்ல மாட்டாருல்லா?"

"நான் மட்டும் பொய்யா சொல்லுதேன்?"

இருவரும் சுவரை மாறி மாறித் தட்டிப் பார்த்தார்கள். இறுதியில் உண்மை பால்வண்ணத்துக்குப் புலப்பட்டது. "வெளங்கிட்டு அண்ணாச்சி! மேல்தளம் மட்டும் போயிருக்கு. கீழ்த்தளம் இங்கனயே நிக்கி!"

"அதான பாத்தேன்! காசு கூடக் குடுத்தவன் போறான், கொறச்சுக் குடுத்தவன் நிக்கான். நியாயந்தான." குற்றாலிங்கம் பையை மறுபடி மடியில் ஏற்றிக்கொண்டார்.

பயணம் முடிந்து கப்பல் திரும்பியது. குற்றாலிங்கம் பையோடு வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். ஏறிய அதே தூத்துக்குடி, அதே பாலம், அதே தேநீர்க்கடை. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மாமனார் முன்னிலையில் வழக்கு நடந்தது.

"மேல்தான் மாமா ஒசத்தி. உப்பில்லாத கடல், தங்கம் மாதிரிச் சாப்பாடு" என்றார், இடுப்பில் வேட்டி நிற்காத பிரமநாயகம்.

"கீழ போதும் மாமா. வயிறு ரொம்புது. ஒரே ஒரு கொற, கப்பல் போகாது" என்றார் குற்றாலிங்கம்.

பால்வண்ணம் தராசை உயர்த்திக் காட்டி, "ரெண்டும் மெய்தான் மாமா. நான் நடுவுலயே நின்னவன்" என்றார்.

ஆவுடையப்பன் கண்ணை மூடிச் சிந்தித்தார். அந்த ஊரில் சிந்தனை என்பது பலர் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சி. ஆகவே எல்லோரும் மரியாதையாக நின்றார்கள்.

"ஏ செண்பகம், ஒனக்குக் கடல்னா தல சுத்தும்லா? அப்ப நீ கீழ் அறையில இரு. கப்பல்ல போன பேரும் ஆச்சு, கடல்ல போன தொல்லையும் இல்ல. நான் மேல் அறையில போயி ஒனக்கும் சேத்துப் பாத்துட்டு வாரேன்."

"நல்ல யோசனதான். போற எடத்துல பனியில நிக்காதிய. காதுக்குத் துண்டக் கட்டிக்கிடுங்க" என்றாள் செண்பகவடிவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆவுடையப்பன் மருமகன்களின் பக்கம் திரும்பினார். "நான் வார வரைக்கும் ஒங்க அத்த துறைமுகத்துலயே இருப்பா. கப்பல் சாப்பாட்ட நம்பப்படாது. அவளுக்கு வேளாவேளைக்குச் சோறு போய்ச் சேரணும். எவரு சோத்த அவ வாங்கிச் சாப்பிடுதாளோ, வலப்பக்கத்து இலை அவருக்கு. இதான் கடைசித் தீர்ப்பு."

கணவனும் மனைவியும் ஒரே கப்பலின் மாடிப்படியில் கட்டித் தழுவி விடைபெற்றார்கள். அவர் மேலே ஏறினார். அவள் கீழே இறங்கினாள். கப்பல் புறப்பட்டு அடிவானத்தில் மறைந்தது.

பிரமநாயகம் துறைமுகத்துச் சுவரின்மேல் நின்று கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்தார். "ஏவே, மொத்தக் கப்பலும் போன மாதிரில்லா இருக்கு?"

"தண்ணிக்கு மேல தெரிஞ்சது போயிருக்கு. தண்ணிக்கு அடியில இருந்தது போனத நீரு கண்ணால பாத்தீராக்கும்?" என்றார் குற்றாலிங்கம்.

யாரும் பார்க்கவில்லை. ஆகவே அது அங்கேயே இருந்தது.

பிரமநாயகம் தூக்குவாளியில் ஒரே ஒரு கேரட் துண்டை வைத்துக் கயிற்றில் கட்டி, கப்பல் நின்ற இடத்தில் தண்ணீருக்குள் இறக்கினார். மேலே இழுத்தபோது துண்டு வாளியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "அத்தைக்குத் தங்கம் புடிக்கல போல" என்று குற்றாலிங்கம் குத்திக் காட்டினார்.

பிறகு அவர் தம் தூக்குவாளி நிறையத் தேங்காய்ப்பால் சொதியும் சோறும் போட்டார். அத்தைக்குக் கைவலி என்பதால் மூடியைக் கழற்றி வைத்துவிட்டே இறக்கினார். இழுத்துப் பார்த்தால், ஒரு பருக்கை இல்லை!

"வழிச்சுச் சாப்பிட்டுருக்காக!" என்று குதித்தார். "ரெண்டாங்கை சோறு கேப்பாக, கொண்டாரும்வே!"

மறுபடி இறக்கினார். இம்முறை கயிறு வெடுக்கென்று இழுபட்டது. வாளி மேலே வந்தபோது அதற்குள் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

மூவரும் குனிந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அத்த சுத்த சைவம்லா?" என்றார் பிரமநாயகம்.

"அதான் நமக்குக் குடுத்து விட்டுட்டாக. கீழ்த்தளத்துலயும் சிறப்புச் சாப்பாடு தொடங்கிட்டான் போல. அத்தைக்கு ஆகல" என்றார் குற்றாலிங்கம்.

பால்வண்ணம் மீனைத் தராசில் வைத்தார். மறுதட்டில் கேரட் துண்டை வைத்தார். நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கீழ்தான் கனம்."

குற்றாலிங்கம் அந்த நொடியே துறைமுகத்துச் சுவரோரமாக இரண்டு இலைகளை விரித்தார். இடப்பக்கத்து இலையை மாமனாருக்கென்று காலியாக விட்டு, வலப்பக்கத்து இலையின் முன் சம்மணமிட்டு அமர்ந்தார். மற்ற இருவரும் முறைப்படி எழுந்து நின்றார்கள். அவர் கடலை நோக்கிக் குனிந்து உரக்கக் கேட்டார்:

"அத்தே! மோரு ஊத்தட்டுமா?"

நீரில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

"பசுமோர்தான் வேணுமாம்" என்று சொல்லிவிட்டு, மாடு பிடித்துவர ஓடினார் பால்வண்ணம்.